ஆபரேஷனுக்குப் பிறகும் சிறுநீர் ஒழுகுகிறதா? பிறவிச் சிறுநீர்ப்பைக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் மகனுக்கு 6 வயதில் சிறுநீர்ப்பைக் கழுத்தில், அதாவது பை சிறுநீர்ப் பாதையோடு சேரும் இடத்தில், ஆபரேஷன் நடந்தது. அவனுக்கு அது மூன்றாவது. நாலாவது வாரம் டியூபை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே விரிப்பு நனைந்துவிட்டது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். விரிப்பை மாற்ற வந்த மூத்த சிஸ்டர், "எத்தனை நிமிஷம் தாங்கினான்? மணி பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. "இனிமே பாருங்கம்மா. டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பார்" என்றார்.

இப்போது அவனுக்கு 12 வயது. இத்தனை வருடம் ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்து, டாக்டர்களிடமும் சிஸ்டர்களிடமும் மற்ற அம்மாக்களிடமும் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்து, டியூப், ஆபரேஷன் எல்லாம் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியவை. ஆனால் அவருக்குச் சரியான தகவலைக் கொண்டுபோய்க் கொடுப்பது வீட்டில் இருக்கும் நம் வேலை. ஒழுகல் பல வகை. எந்த வகை என்று தெரியாமல் எதைச் செய்தாலும் வீணாகப் போகும், சில சமயம் கெடுதலாகவும் முடியும். நம் கவலை முழுக்க நனைந்த துணியின் மேல் இருக்கிறது. டாக்டரின் கவலை சிறுநீரகத்தின் மேல் இருக்கிறது. அவர் கவலைதான் முதலில் வர வேண்டியது.

படி 1: என்ன குறை, என்ன ஆபரேஷன் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேட்டால் "யூரின் பையில் ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லும் பெற்றோர்தான் அதிகம். நானும் அப்படித்தான் இருந்தேன். பெயர் தெரியாவிட்டால் அடுத்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியாது.

என் மகனுக்கு இருப்பது பிளாடர் எக்ஸ்ட்ரோஃபி. வயிற்றின் அடிப்பகுதி மூடாமல், சிறுநீர்ப்பை உள்பக்கம் வெளியே தெரியும்படி திறந்த நிலையில் பிள்ளை பிறக்கும். சுமார் 30,000 முதல் 50,000 பிறப்புகளில் ஒன்று என்று சொல்கிறார்கள். ஆண் குழந்தைகளுக்கு அதிகம். இடுப்பின் முன்பக்க எலும்புகள் சேராமல் விலகி நிற்கும். சிறுநீரை இறுக்கிப் பிடிக்கும் தசை வளையமும் முழுதாக உருவாகியிருக்காது. பையை உள்ளே வைத்து மூடுவது முதல் ஆபரேஷன். பிறகு ஆண்குறியையும் சிறுநீர்ப் பாதையையும் சரி செய்வார்கள். பை ஓரளவு வளர்ந்து, பிள்ளைக்கே 'நனையாமல் இருக்க வேண்டும்' என்ற எண்ணம் வந்த பிறகு, பெரும்பாலும் 5 வயதை ஒட்டியோ அதற்கு மேலோ, கழுத்துப் பகுதியைக் குறுக்கிக் கட்டுவார்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யும் முறையும் உண்டு.

நிலைநிலையாகச் செய்யும்போது, முதல் ஆபரேஷனுக்கும் கழுத்து ஆபரேஷனுக்கும் நடுவே பிள்ளை ஒழுகிக்கொண்டுதான் இருக்கும். தொட்டி கட்டியாகிவிட்டது, குழாய்க்குத் திருகு இன்னும் வைக்கவில்லை, அவ்வளவுதான். இது தெரியாமல் "ஆபரேஷன் தோற்றுப்போச்சு" என்று ஊர் ஊராக அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பின்பக்க மூத்திரக்குழாய் அடைப்பிதழ் ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வருவது. வால்வு என்று ஓ.பி.யில் சொல்வார்கள். தூர்பீன் போன்ற கருவியை உள்ளே விட்டு அந்த இதழை வெட்டிவிடுவார்கள். அடைப்பு போய்விடும். ஆனால் அடைப்பை எதிர்த்து அம்மா வயிற்றில் இருக்கும்போதே முக்கி முக்கித் தடித்துப்போன பை அப்படியே இருக்கும். சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்தால் யூரினைக் கெட்டியாக்கும் திறன் குறைந்து, வெளிறிய நீராக நிறையப் போகும். முதுகுத்தண்டு மூடாமல் பிறந்த பிள்ளைகளுக்கோ, பைக்குப் போகும் நரம்பிலேயே குறை.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். போனிலும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் அந்த ஃபைல்தான் பிள்ளையின் கதையைச் சொல்லும்.

படி 2: முதல் சில வாரங்கள்: டியூப் இருக்கும் காலம்

ஆபரேஷன் முடிந்து வரும்போது ஒன்றுக்கு மேற்பட்ட டியூப் இருக்கலாம். அடிவயிறு வழியாக ஒன்று, சிறுநீர்ப் பாதை வழியாக ஒன்று. இந்த நேரத்தில் டியூபைச் சுற்றிக் கொஞ்சம் கசிவது சகஜம். பை சட்டென்று சுருங்கும். பிள்ளை காலை மடக்கிக்கொண்டு அழும். டியூபின் ஓரமாகச் சொட்டும். அதற்கு மருந்து இருக்கிறது, சிஸ்டரிடம் சொன்னால் போதும்.

நீங்கள் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டியது டியூபோடு வெளியே தொங்கும் யூரின் பையில் சேரும் அளவை. என் மகன் ஒரு நாள் ராத்திரி துடித்தான். வாயு என்று நினைத்து வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் டியூப் அவன் தொடைக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தியதும் பழுப்பு நிறத்தில் கடகடவென்று இறங்கியது. அழுகை அதோடு நின்றது.

அதனால் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள்: டியூப் மடங்கியிருக்கிறதா, யூரின் பை இடுப்புக்குக் கீழே தொங்குகிறதா, அளவு ஏறுகிறதா. ஏறவே இல்லை, வயிறு உப்புகிறது, காயத்தின் வழியாக யூரின் வருகிறது, டியூப் கழன்று வந்துவிட்டது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். கழன்ற டியூபை நீங்களே திரும்பச் செருகவும் வேண்டாம்.

படி 3: இரண்டு நாள் நோட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். டியூப் எல்லாம் எடுத்து, காயம் ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு, பிள்ளை வீட்டில் இருக்கும் இரண்டு முழு நாட்கள் போதும். சனி, ஞாயிறு வசதி.

தேவையானவை: அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் ஜக், ஒரு நோட்டு, சமையலறைத் தராசு. டயப்பர் போடும் பிள்ளை என்றால் காய்ந்த டயப்பரை முதலில் நிறுத்துக்கொள்ளுங்கள். நனைந்ததை நிறுத்து, காய்ந்ததன் எடையைக் கழியுங்கள். 1 கிராம் கூடினால் ஏறக்குறைய 1 மில்லி யூரின்.

ஒவ்வொரு முறையும் மணி, எவ்வளவு குடித்தான், ஜக்கில் எவ்வளவு போனான், ஈரம் எப்போது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தான், மலம் போனானா என்று எழுதுங்கள். எங்கள் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

காலை 7.10, ஜக்கில் 45 மில்லி. 7.50, ஜட்டியில் ஈரம், டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். 8.20, ஜக்கில் 50. 9.05, மறுபடி ஈரம், சும்மா உட்கார்ந்திருந்தான். 9.10, போகச் சொன்னேன், ஜக்கில் 55. மலம் நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

இதைப் பார்த்த டாக்டர் ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஸ்கேன் எழுதினார். அவன் போய் முடித்த பிறகும் பையில் நிறைய மிச்சம் இருந்தது. 'பிடிக்க முடியவில்லை' என்று நான் நினைத்தது, 'காலியாக்க முடியவில்லை' என்று ஆனது. ஏற்கெனவே பாதி நிறைந்த குடத்தில் கொஞ்சம் ஊற்றினாலும் வழியத்தானே செய்யும்?

உங்கள் நோட்டிலும் ஒரு ஜாடை தெரியும். ஓடும்போது, இருமும்போது, சிரிக்கும்போது மட்டும் கசிந்தால் கழுத்துப் பகுதி பலவீனமாக இருக்கலாம். நின்றாலும் படுத்தாலும் சொட்டிக்கொண்டே இருந்து, ஜக்கில் ஒன்றுமே சேராவிட்டால் பிடிப்பு அறவே இல்லை, அல்லது எங்கோ ஓட்டை இருக்கிறது. திடீரென்று அவசரம் வந்து கழிவறைக்கு ஓடும் வழியிலேயே நனைந்தால் பை தன்னிச்சையாகச் சுருங்குகிறது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போய், நடுவில் ஈரமும் இருந்தால் மிச்சம் தங்குகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். பையே சின்னதாக இருந்தாலும் இப்படித்தான் இருக்கும். பகலெல்லாம் சரி, ராத்திரி மட்டும் டயப்பர் தாங்காமல் போனால் சிறுநீரகம் ராத்திரியில் அதிகம் சுரக்கிறது. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். எது என்று முடிவு சொல்வது டாக்டர். நோட்டு அவருக்கான தடயம்.

ஒரு கணக்கும் உண்டு. வயதோடு 2 கூட்டி 30 ஆல் பெருக்கினால், அந்த வயதுக்கு ஒரு சாதாரணப் பை பிடிக்க வேண்டிய மில்லி வரும். 6 வயதுக்கு 240. எக்ஸ்ட்ரோஃபி பிள்ளைகளின் பை இதைவிடச் சிறிதாகவே இருக்கும், அதைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கழுத்து ஆபரேஷனுக்கு முன் 100 மில்லி அளவுக்காவது வளரட்டும் என்று டாக்டர்கள் காத்திருப்பது இதனால்தான். பகலில் 3 மணி நேரம் நனையாமல் இருந்தால் நல்ல பலன் என்று இந்தத் துறையில் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடாமல் இந்த 3 மணி நேரத்தைக் குறியாக வையுங்கள்.

படி 4: சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்

கழுத்தை இறுக்கிக் கட்டினால் ஒழுகல் குறையும், ஆனால் உள்ளே அழுத்தம் ஏறலாம். அழுத்தம் ஏறினால் யூரின் மேல்நோக்கித் திரும்பும். சிறுநீரகம் வீங்கும், வடு விழும். பிள்ளை நனையாமல் இருப்பான், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், உள்ளே சத்தமில்லாமல் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால் நனையாத பிள்ளையையும் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும்.

யூரின் போவதற்கு முன்னும் பின்னும் அல்ட்ராசவுண்ட் பார்த்தால் மிச்சமும் வீக்கமும் தெரியும். ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள், சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ஏறும் கழிவு அது. மேல்நோக்கித் திரும்புகிறதா என்று பார்க்க எம்.சி.யூ. எக்ஸ்ரே, வடுவைப் பார்க்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். யூரோடைனமிக்ஸ் என்பது மெல்லிய டியூப் வழியாகப் பையை மெதுவாக நிரப்பி உள்ளே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. அது 40 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளை பயப்படும் சோதனை இது. முந்தின நாளே என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள். பிடித்த பாட்டையோ கதையையோ போனில் எடுத்துப் போங்கள். "ஒண்ணுமே செய்யமாட்டாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த தடவை நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டான்.

படி 5: மலச்சிக்கலும் தண்ணீரும்

மலக்குடல் பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது கெட்டியாக அடைத்துக்கொண்டால் பையை நெருக்கும். பை நிறையவும் இடமிருக்காது, முழுக்கக் காலியாகவும் வழியிருக்காது. எங்கள் வீட்டில் மலச்சிக்கலைச் சரி செய்ததிலேயே ஒழுகல் கண்கூடாகக் குறைந்தது. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, ஊறவைத்த உலர் திராட்சை, சாப்பிட்ட பிறகு 10 நிமிடம் கழிவறையில் உட்காரும் பழக்கம் இவையெல்லாம் உதவும். போதாவிட்டால் டாக்டர் லாக்டுலோஸ் போன்ற மருந்து தருவார். மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும், ஒரு வாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நாங்கள் தப்பு செய்தோம். ஒரு கிளினிக்கில், "ஸ்கூல் போற நாள்ல தண்ணி கம்மியா குடுங்க" என்றார்கள். செய்தோம். யூரின் கடுஞ்சிவப்பாக, நாற்றத்தோடு வந்தது, அவசரம் அதிகமானது, மலம் கல்லானது, மாதக் கடைசியில் காய்ச்சலோடு அட்மிட் ஆனான். இந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. வால்வு பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. அவர்கள் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடியாது, குடிக்காவிட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும், உடம்பு வற்றிவிடும். பகல் முழுக்கப் பரவலாகக் கொடுங்கள். ராத்திரி தூங்கும் நேரத்தில் மட்டும் ஒரேயடியாகக் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் பலவீனமாகி, டாக்டரே அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

யூரின் பிரச்சினை என்றாலே "உடம்பு சூடு" என்று பார்லித் தண்ணீரும் இளநீரும் கொடுப்பது நம் வழக்கம். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பரவாயில்லை. கிரியேட்டினின் ஏறியிருக்கும் பிள்ளைக்கு இளநீரில் உள்ள பொட்டாசியம் கெடுதல். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

படி 6: மணி பார்த்துப் போவது

வந்தால் போகலாம் என்று காத்திருந்தால் நடக்காது. இந்தப் பிள்ளைகள் பலருக்கு நிறைந்த உணர்வு சரியாகத் தெரியாது. நோட்டில் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை நனைகிறது என்று பாருங்கள். 60 நிமிடம் என்றால் 45 நிமிடத்துக்கு ஒருமுறை போகச் சொல்லுங்கள். ஒரு வாரம் நனையாமல் போனால் 10 நிமிடம் கூட்டுங்கள். அதிரும் கைக்கடிகாரம் கிடைத்தால் வாங்குங்கள். அம்மா கூப்பிடுவதைவிடக் கடிகாரம் கூப்பிடுவது பிள்ளைக்கு மானமாக இருக்கிறது.

ஆண் பிள்ளையும் உட்கார்ந்து போகட்டும். பாதம் தரையிலோ முக்காலியிலோ பதிய வேண்டும். முக்கக் கூடாது. முடிந்ததும் 2, 3 நிமிடம் இருந்துவிட்டு மறுபடி ஒருமுறை போகச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் அதில் கொஞ்சம் வரும்.

படி 7: மருந்து

பை தானாகச் சுருங்குவதை அடக்க பெரும்பாலும் ஆக்சிபியூட்டினின் கொடுப்பார்கள். நன்றாக வேலை செய்கிற மருந்து. வாய் வறளும், முகம் சிவக்கும், மலச்சிக்கல் கூடும், வியர்வை குறையும். இந்தக் கடைசி விஷயத்தை நம் ஊர் வெயிலில் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. சித்திரை, வைகாசியில் மைதானத்தில் ஓடினால் வியர்க்காமல் உடம்பு கொதித்துவிடும். நிழலில் விளையாடட்டும், தலையில் ஈரத்துணி போடுங்கள். படிப்பில் மந்தம், எரிச்சல் தெரிந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று மருந்துகள் இருக்கின்றன. மாத்திரை பலிக்காதபோது பையின் சுவரில் போட்டுலினம் ஊசி போடுவதும் உண்டு. அதன் பலன் சில மாதங்கள்தான், திரும்பப் போட வேண்டும்.

ஆக்சிபியூட்டினின் பையைத் தளர்த்துவதால் மிச்சம் கூடலாம். முன்பு சொன்ன மிச்சப் பிரச்சினை இருக்கும் பிள்ளைக்கு, காலியாக்கும் வழி இல்லாமல் இந்த மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கேட்டது என்று வாங்கிக் கொடுக்காதீர்கள்.

படி 8: டியூப் விட்டு எடுப்பது

தானாக முழுக்கக் காலியாகாத பைக்குள் மெல்லிய டியூபை விட்டு, யூரினை வடித்துவிட்டு, டியூபை எடுத்துவிடுவது இது. இந்த வார்த்தையைக் கேட்டதும் என் மாமியார் அழுதுவிட்டார். நானும் ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். ஒரு மாதத்தை வீணாக்கினேன் என்று இப்போது சொல்வேன்.

1972 இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜாக் லாப்பிடஸ் என்ற சிறுநீரியல் டாக்டர், சுத்தமான டியூபை வீட்டிலேயே சில மணி நேரத்துக்கு ஒருமுறை விட்டு எடுத்தால் போதும், ஆபரேஷன் தியேட்டர் அளவு கிருமிநீக்கம் தேவையில்லை என்று காட்டினார். பை நிறைந்து தேங்கி விரிவதுதான் தொற்றுக்கு இடம் கொடுக்கிறது, நேரத்துக்குக் காலியாவது அதைத் தடுக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப் பிறகு உலகம் முழுக்க எத்தனையோ பிள்ளைகளின் சிறுநீரகம் இந்த ஒரு பழக்கத்தால் தப்பித்திருக்கிறது.

முதல் தடவை சிஸ்டர் முன்னால்தான் செய்ய வேண்டும். அப்புறம் வீட்டில் இப்படி:

சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். பிறப்புறுப்பைத் தண்ணீரால் துடையுங்கள். டியூபின் நுனியில் ஜெல்லி (டியூப் வழுக்கிப் போவதற்கென்றே உள்ள மருத்துவ ஜெல்லி) தடவுங்கள். தேங்காய் எண்ணெய், வாஸ்லின் வேண்டாம். ஆண் பிள்ளைக்கு ஆண்குறியை மேல்நோக்கி நேராகப் பிடித்து மெதுவாக விடுங்கள். பெண் பிள்ளைக்கு மடிப்பை விரித்துப் பார்த்தால் யோனித் துளைக்கு மேலே சின்னதாக ஒரு துளை தெரியும். முதலில் கண்ணாடி வைத்துக் காட்டுங்கள், பிறகு அவளே தொட்டு அறிந்துகொள்வாள். யூரின் வர ஆரம்பித்ததும் இன்னும் ஓரிரண்டு சென்டிமீட்டர் உள்ளே விட்டு நிறுத்துங்கள். ஓட்டம் நின்றதும் மெதுவாக வெளியே எடுங்கள். எடுக்கும்போது மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்தி வடியவிடுங்கள். இந்தக் கடைசி 20 மில்லியை விட்டுவிடுவதுதான் பலருக்கும் தொற்று திரும்பத் திரும்ப வரக் காரணம் என்று எங்கள் சிஸ்டர் சொல்வார்.

தடுத்தால் அழுத்தாதீர்கள். பிள்ளையை மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லுங்கள், அல்லது இருமச் சொல்லுங்கள், சற்று காத்திருந்து மறுபடி முயலுங்கள். ஒரு சொட்டு ரத்தம் வந்தால் பயமில்லை. தொடர்ந்து வந்தால், டியூப் போகவே இல்லை என்றால் ஆஸ்பத்திரி.

நம் ஊரில் பலரும் மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபீடிங் டியூபையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள், விலையும் குறைவு. 8 ஆம் எண்ணுக்கு நீல மூடி, 10க்குக் கறுப்பு. உங்கள் பிள்ளைக்கு எந்த எண் என்று ஃபைலில் எழுதி வையுங்கள். திரும்பப் பயன்படுத்தலாம் என்று உங்கள் டாக்டர் சொன்னால் சோப்புத் தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, உதறிக் காயவைத்து, மூடியுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். விறைத்துப்போனாலோ மங்கினாலோ தூக்கிப் போடுங்கள். பல ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கும் முதுகுத்தண்டுக் குறையுள்ள பிள்ளைகளுக்கும் ரப்பர் ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகம். ரப்பர் டியூப், ரப்பர் கையுறை, பிறந்தநாள் பலூன்கூடத் தவிர்ப்பது நல்லது.

எக்ஸ்ட்ரோஃபி பையன்களுக்குப் பாதை வளைந்து வடுவாக இருப்பதால் கீழ்வழியாக விடுவது வலிக்கும். என் மகனுக்கும் அப்படித்தான். 8 வயதில் குடல்வாலை எடுத்துத் தொப்புளுக்கும் பைக்கும் நடுவே ஒரு சின்ன வழி அமைத்தார்கள். 1980 இல் இதை அறிமுகப்படுத்திய பிரெஞ்சு டாக்டர் மிட்ரோஃபனாஃப் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். வெளியே பார்த்தால் தொப்புள்தான் தெரியும். சட்டையைத் தூக்கி, கண்ணாடி முன் நின்று, அவனே 5 நிமிடத்தில் முடித்துவிடுவான்.

டியூப் விடும் பிள்ளையின் யூரினைச் சோதித்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், வலி, புது ஒழுகல் எதுவும் இல்லாவிட்டால் அதற்காக ஆன்டிபயாடிக் தேவைப்படாது. தேவையில்லாமல் கொடுத்துக்கொண்டே இருந்தால், உண்மையில் தேவைப்படும் நாளில் மருந்து கேட்காது.

படி 9: தோலும் ராத்திரியும்

நனைந்த இடத்தை வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துத்தநாகக் களிம்பு போடுங்கள். பவுடர் வேண்டாம், நனைந்து கட்டியாகித் தொடை இடுக்கை அறுக்கும். வீட்டில் இருக்கும்போது தினமும் கொஞ்ச நேரம் காற்றுப் படட்டும், பழைய வேட்டித் துணி போதும்.

ராத்திரி அதிகம் சுரக்கும் வால்வு பிள்ளைகளுக்கு, தூங்கும்போது டியூபை வைத்து வெளியே தொங்கும் யூரின் பையில் வடியவிடச் சொல்வார்கள். இதனால் துணி நனையாமல் இருப்பதோடு, ராத்திரி முழுக்கப் பை விம்மிக் கிடப்பதும் நிற்கிறது. சாதாரணமாகப் படுக்கையில் நனைக்கும் பிள்ளைகளுக்குத் தரும் மாத்திரையை இவர்களுக்கு நீங்களாக வாங்கித் தராதீர்கள்.

படி 10: பள்ளிக்கூடம்

இரண்டாம் வகுப்பில் ஒரு நாள் என் மகன் தலை முதல் கால் வரை நனைந்து வீட்டுக்கு வந்தான். மழை இல்லை. தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டது என்றான். மறுவாரமும் கொட்டியது. மூன்றாவது தடவை நான் ஒன்றும் கேட்காமல் துணியை மாற்றிவிட்டேன். ராத்திரி படுத்த பிறகு அவனே சொன்னான்: "அம்மா, கால்சட்டை மட்டும் நனைஞ்சா தெரிஞ்சிரும்ல. அதான் மேலயும் ஊத்திக்கிட்டேன்."

மறுநாளே பள்ளிக்குப் போனேன். வகுப்பு டீச்சரிடமும் தலைமை ஆசிரியரிடமும் மட்டும், தனியாக, டாக்டர் கடிதத்தோடு பேசுங்கள். இந்த நாலு விஷயத்தைத் தெளிவாகக் கேளுங்கள்: கையைத் தூக்காமல் எழுந்து போக அனுமதி, கதவு தாழிடும், தண்ணீர் வரும் ஒரு கழிவறை, மாற்றுத் துணி வைக்க ஒரு இடம், விளையாட்டு வகுப்பில் அவன் சொல்வதை நம்புவது. அடர் நிறக் கால்சட்டையாக இருந்தால் ஈரம் தெரியாது. சீருடை வெளிர் நிறம் என்றால் அனுமதி கேட்டுப் பாருங்கள், எங்களுக்குக் கொடுத்தார்கள். பள்ளிப் பையில் ஒரு சின்ன பவுச்: டியூப், ஜெல்லி, ஈரத் துடைப்புத் தாள், ஒரு ஜட்டி, மூடும் பிளாஸ்டிக் கவர்.

நண்பர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது பிள்ளையின் முடிவு. என் மகன் ஒரே ஒருவனிடம் சொன்னான். அந்தப் பையன்தான் இன்றுவரை இடைவேளையில் கழிவறை வாசலில் நிற்கிறான். வீட்டில் உறவுக்காரர்கள் முன்னால் "இன்னைக்கும் நனைச்சிட்டானா?" என்று கேட்பதை நாங்கள் அடியோடு நிறுத்தினோம். திட்டினால் பை பெரிதாகாது. பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்வான், நோட்டும் பொய்யாகிவிடும்.

படி 11: இத்தனைக்கும் நிற்காவிட்டால்

அடுத்த ஆபரேஷன் பற்றிப் பேச்சு வரும். கழுத்துப் பகுதியில் ஊசி மூலம் ஒரு பொருளைப் போட்டுப் பருமனாக்குவது சின்ன வேலை, பலனும் ஓரளவுதான். கழுத்தைத் திரும்பக் கட்டுவது, அல்லது முழுக்க மூடிவிட்டுத் தொப்புள் வழியை மட்டும் வைப்பது பெரிய முடிவு. பை சின்னதாகவும் விறைப்பாகவும் இருந்தால் குடலின் ஒரு துண்டை வைத்துப் பெரிதாக்குவார்கள்.

குடல் வைத்தால் ஆயுள் முழுக்கப் பராமரிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். குடல் சளி சுரந்துகொண்டே இருக்கும். உப்புநீரால் பையைக் கழுவாவிட்டால் டியூப் அடைக்கும், கல் சேரும். ரத்தத்தில் அமிலம் கூடுகிறதா, வைட்டமின் பி12 குறைகிறதா என்று வருடாவருடம் பார்க்க வேண்டும். டியூப் விடும் நேரம் தவறி விம்மினால் அந்தப் பை கிழியவும் கூடும். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கடும் வயிற்றுவலி, வாந்தி வந்தால் 'அஜீரணம்' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல், உடனே அவசரப் பிரிவுக்குப் போய், "பையில் குடல் வைத்து ஆபரேஷன் ஆன பிள்ளை" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

மற்ற எல்லாப் பிள்ளைகளுக்கும்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் காய்ச்சல், விலாவில் வலி, யூரின் வராமல் வயிறு உப்புவது, நனையாமல் இருந்த பிள்ளை திடீரென்று ஒழுக ஆரம்பிப்பது, முகமோ காலோ வீங்குவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள்.

இது அரிதான குறை என்பதால் அடிக்கடி செய்து பழகிய இடத்தில் காட்டுவது நல்லது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் குழந்தைகள் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. எக்ஸ்ட்ரோஃபிக்கென்றே அகமதாபாத் அரசு சிவில் மருத்துவமனையில் 2009 முதல் அமெரிக்க டாக்டர்கள் வருடந்தோறும் வந்து நம் டாக்டர்களோடு சேர்ந்து ஆபரேஷன் செய்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கி வையுங்கள். ஆபரேஷன் தேதி கொடுத்த பிறகு அலையாதீர்கள்.

படி 12: பிள்ளை கையில் கொடுப்பது

7, 8 வயதிலிருந்து சின்னச் சின்ன வேலையாகக் கொடுங்கள். முதலில் ஜெல்லி தடவுவது, பிறகு டியூபைப் பிடிப்பது, பிறகு முழுக்க அவனே. நோட்டையும் அவன் எழுதட்டும். ஓ.பி.யில் டாக்டர் கேட்கும் கேள்விக்கு முதலில் அவன் பதில் சொல்லட்டும். நாம் பக்கத்தில் இருந்தால் போதும். வளரும் வயதில் சில பையன்களுக்குப் பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பி வளர்வதால் பிடிப்பு கொஞ்சம் கூடுவதும் உண்டு. அதே வயதில் டியூப் விடுவதைச் சலித்து விட்டுவிடுவதும் உண்டு. கண்காணிப்பு அப்போதுதான் அதிகம் தேவை. 18க்குள் பெரியவர்களைப் பார்க்கும் சிறுநீரியல் டாக்டரிடம் அறிமுகம் செய்துவிடுங்கள். திருமணம், பிள்ளைப்பேறு பற்றியெல்லாம் அவனோ அவளோ அவரிடம் நேரடியாகக் கேட்கத் தொடங்கட்டும்.

போன மாதம் பள்ளியில் இரண்டு நாள் சுற்றுலா. ஒரு நாளைக்கு 5 என்று கணக்குப் போட்டு 10 டியூபைக் கட்டிலில் எடுத்து வைத்தேன். அவன் எண்ணிப் பார்த்துவிட்டு, அலமாரியைத் திறந்து இன்னும் இரண்டை எடுத்துப் பவுச்சில் போட்டு ஜிப்பை இழுத்தான். "பஸ் லேட்டானா என்ன பண்றதும்மா?" என்றான்.